கொல்லைப் பூவும் கொல்லா நோன்பும்

ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்று வகுத்தனர் நம் முன்னோர். கத்திரி கழிந்தது என்று பஞ்சாங்கம் கூறினாலும், புதுவையின் நாட்டுப்புறத்தில் வெம்மை எளிதில் தணிவதில்லை. பகல் முழுதும் மேல்காற்று புழுதியை வாரி இறைக்கிறது. கடற்காற்றோ மாலை மயங்கிய பின்னரே வந்து சேர்கிறது. செஞ்சி மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வில்லியனூரைத் தொட்டுச் செல்லும் சங்கராபரணி மணற்படுகையாய்க் கிடக்கிறது. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் கரையை விட்டு வெகுதூரம் உள்வாங்கிவிடுகின்றன. மனிதர் சோர்ந்து திண்ணையில் சாயும் இக்காலத்தில்தான், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் என் தமக்கையார் வீட்டுக் கொல்லை தன் முழு அழகையும் காட்டுகிறது.

அது பெரிய தோட்டமன்று. கிணற்றடியில் ஒரு மகிழ மரம், வேலியோரம் செவ்வரளியும் செம்பருத்தியும், துணி துவைக்கும் கல்லருகே அடுக்கு நந்தியாவட்டை, பந்தலில் முல்லை, பாத்தியில் ஏழெட்டுக் குண்டுமல்லிச் செடிகள், சுவரோரம் இருபதுக்கு மேற்பட்ட தொட்டிகள். பிற்பகல் நான்கு மணியளவில் அந்திமந்தாரை இதழ் விரிக்கும். விளக்கேற்றும் வேளையில் மல்லிகை மொட்டுகள் நெகிழும். இரவு முழுவதும் மகிழம்பூ ஒவ்வொன்றாய் உதிரும். சென்ற சில ஆண்டுகளாக மாலைதோறும் அந்தத் துவைகல்லின் மேல் அமர்ந்து இவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதே தமக்கையாரின் ஒரே பொழுதுபோக்கு. தொலைக்காட்சி அவருக்குப் பிடிப்பதில்லை.

ஒருநாள் மாலை அவர் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அருங்கலச்செப்பை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்து வந்தவர், போக உபபோகப் பரிமாண விரதத்தைக் கூறும் பகுதிக்கு வந்திருந்தார். "தம்பி, இந்தச் செடிகளிடம் வந்து உட்கார்ந்தால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. இந்த வயதில் இந்த நிறைவே ஒரு பற்றுத்தானே? பூவைப் பறித்தாலும் பாவம், பார்த்து மகிழ்ந்தாலும் பாவம் என்றால் சொல்லிவிடு. நாளை முதல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுகிறேன்" என்றார்.

நான் உடனே மறுமொழி கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. "அக்கா, யோசித்துச் சொல்கிறேன்" என்று கூறிவிட்டுப் பாகூருக்குத் திரும்பினேன். பேருந்தில் வரும்போதுதான் அந்த வினாவின் கூர்மை புலப்பட்டது. பறிப்பது கொலை என்பாரும், இல்லறத்தார்க்கு இதெல்லாம் தள்ளுபடி என்பாரும் நம்மிடையே உள்ளனர். நீர் ஊற்றாமல் விடுவது என்ன வினை என்று மட்டும் எவரும் கேட்டு நான் அறியேன்.

மரமும் செடியும் ஓரறிவுயிர் என்பது நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த செய்தி. தொல்காப்பியத்தின் மரபியலும் அவ்வாறே வகுக்கிறது. ஜகதீச சந்திர போஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவரங்களின் துலங்கலைக் கருவிகளால் அளந்து காட்டியதை நம் சொற்பொழிவாளர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் சிறிது தயக்கம் உண்டு. செடி தூண்டலுக்குத் துலங்குகிறது என்பதை ஆய்வு காட்டும். அதற்குத் தீங்கு செய்யலாகாது என்பதை அறநூல்தான் கூறும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், நாளை ஒருவர் வேறோர் ஆய்வைக் கொண்டுவரும்போது நம் அறம் ஆடிப்போகும்.

இல்லறத்தார் ஓரறிவுயிர்க்கு இழைக்கும் ஊறு முழுவதையும் விலக்க இயலாது என்பதை ஆசாரிய சமந்தபத்திரர் போன்றோர் நன்கு அறிவர். அதனால்தான் முனிவர்க்கு மகாவிரதமும் நமக்கு அணுவிரதமும் என்று இரண்டு வழி அமைந்தது. ஆனால் அணுவிரதத்தோடு அனர்த்த தண்டத்தை விலக்கும் விரதமும் நமக்கு உண்டு. நோக்கமின்றி நிலத்தைக் கிளறுவதும், நீரைக் கொட்டுவதும், தீ மூட்டுவதும், செடிகொடிகளை ஒடிப்பதும் அதன்படி குற்றமாகும். பேசிக்கொண்டே நடக்கும்போது வேலியிலுள்ள தளிரைக் கிள்ளி முகர்ந்து எறிகிறோமே, அதுவே சரியான எடுத்துக்காட்டு. அந்தத் தளிரால் நமக்கு எந்த இன்பமும் கிட்டுவதில்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவே.

இனி, பூவைப் பற்றிச் சமந்தபத்திரர் தனியாகவே ஒரு செய்தி கூறியிருக்கிறார். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ளவற்றை விலக்கவேண்டும் என்று கூறி, முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய் ஆகியவற்றோடு வேப்பம்பூவையும் தாழம்பூவையும் சேர்க்கிறார். தாழம்பூவின் மடல்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். மடலுக்குள் மடலாய் எத்தனை சிற்றுயிர்கள் குடியிருக்கின்றன! ஆகவே அவர் பூவென்றால் எல்லாம் ஒன்று என்று கருதவில்லை. எந்தப் பூவில் எவ்வளவு உயிர், அதனால் கிடைப்பது என்ன என்று எடை போடுகிறார். சித்திரை முதல்நாள் வேப்பம்பூப் பச்சடியில் நம் வீடுகள் சில இதை மறந்துவிடுவதும் உண்டு. அது வேறு கதை.

அதே நூலில்தான் தவளையின் கதையும் வருகிறது. இராசகிருகத்திற்கு மகாவீரர் எழுந்தருளியபோது, முற்பிறப்பில் வணிகனாய் இருந்து மாயத்தால் தவளையாய்ப் பிறந்திருந்த ஓருயிர், குளத்திலிருந்து ஒரு தாமரை மலரைக் கவ்விக்கொண்டு பெருமானை வழிபடப் புறப்பட்டது. வழியில் சிரேணிக மன்னனின் யானைக்காலில் மிதிபட்டு இறந்தது. வழிபடும் எண்ணத்தோடு இறந்ததால் தேவனாய்ப் பிறந்தது. தாழம்பூவை விலக்கு என்றவரே, ஒற்றை மலர் ஏந்திய தவளையை வழிபாட்டின் பெருமைக்குச் சான்றாய்க் காட்டுகிறார். முரண் போலத் தோன்றும் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும்.

இந்த ஆசாரியரே சுயம்பு தோத்திரத்தில் வாசுபூஜ்யரைப் போற்றும் பகுதியில் இதற்கு விடை வைத்திருக்கிறார். வழிபாட்டில் நேரும் சிறு வினை, குளிர்ந்த நீர்ப்பெருங்கடலில் விழுந்த நஞ்சின் துணுக்குப் போன்றது. அது கடலைக் கெடுக்காது என்பது அவர் கருத்து. நஞ்சு நஞ்சே அன்று என்று அவர் கூறவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். வாசுபூஜ்யர் கேவல ஞானம் பெற்றது பாதிரி மரத்தின் அடியில் என்பது மரபு. பாகூருக்குத் தெற்கே, கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர் அந்த மரத்தின் பெயரால் விளங்குகிறது. சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், சர்வநந்தி முனிவர் லோகவிபாகத்தை எழுதி முடித்த பாடலிகை அவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர். நமது தொன்மையான பள்ளி ஒன்று வேனிலில் பூக்கும் ஒரு மரத்தின் பெயரால் அறியப்பட்டது என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. இந்த மகிழ்ச்சியும் பற்றுத்தானோ!

வடநாட்டில் திகம்பரத் தேராபந்த மரபினர் வழிபாட்டில் மலரைத் தொடுவதில்லை; குங்குமப்பூவால் நிறமேற்றிய அரிசியையே மலராகக் கொள்கின்றனர். (உருவ வழிபாடே இல்லாத சுவேதாம்பரத் தேராபந்தம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.) தமிழ்ச் சமணராகிய நாம் மலரிட்டு வழிபடுகிறோம். எது உயர்ந்தது என்னும் வாதத்தில் இறங்க எனக்கு விருப்பமில்லை. நாம் மலரிடுவதானால், எதற்காக இடுகிறோம் என்பதையாவது அறிந்து இடவேண்டும். எண்வகைப் பொருள்களுள் நீர் பிறப்பிறப்பு ஒழிய வேண்டியும், அட்சதை அழியாநிலை வேண்டியும் இடப்படுகின்றன. மலரோ காமன் கணை அழிய வேண்டி இடப்படுகிறது. காமன் கணை என்பது மலர்தானே! புலனை மயக்கும் படைக்கலத்தையே வெற்றிகண்டவன் திருவடியில் போட்டுவிடுகிறோம். அப்படியானால் மலரில் இன்பம் காணாதவன் அங்கே எதைக் கைவிடுகிறான்? தமக்கையாரின் கேள்விக்கு எனக்கு முதன்முதல் வழி திறந்தது இங்கேதான். செடியருகே அமரும்போது அவர் மனம் நிறைவது குற்றமாயின், அவர் இடும் பூவுக்கும் கடையில் வாங்கும் காகிதப்பூவுக்கும் வேறுபாடு இராது.

இப்படிச் சொல்லி என் தமக்கையாரைத் தேற்றிவிட்டு நான் ஓய்ந்திருக்கலாம். ஆயினும் அவரது கொல்லையில் நானே கண்ட வேறொன்றை மறைப்பது நேர்மையாகாது. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குச் செல்வோர் சிலர் கையில் ஒரு பையோடு வருவர். வேலிக்கு வெளியே நீளும் கிளைகளை வளைத்துச் செம்பருத்தியையும் அரளியையும் பறித்துப் பையை நிரப்பிக்கொள்வர். தம் வீட்டுத் தெய்வத்துக்காம். கொடாததைக் கொள்ளுதல் களவு என்பதை அறியாதவர்களாய் அவர்கள் தோன்றவில்லை. அது அவர்கள் வினை. ஆனால் அவர்களைப் பிடிப்பதற்கென்றே தமக்கையார் இருட்டிலேயே எழுந்து கதவுக்குப் பின்னால் நிற்பார். அவர் முகம் அப்போது நான் அறிந்த முகமாய் இராது. பக்கத்து வீட்டுச் சிறுமி பள்ளிக்குச் செல்லும்போது ஒரு நந்தியாவட்டையைக் கிள்ளினாள் என்று அவளுடைய தாயிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. 'பூ' என்றிருந்தது 'என் பூ' ஆகும் இடம் இது. மாலையில் துவைகல்லின் மேல் இருந்த நிறைவில் நான் குற்றம் காணவில்லை; காலையில் கதவின் பின்னே இருந்த சினத்தில்தான் கண்டேன். இரண்டும் ஒரே தோட்டத்தில் விளைந்தவை என்பதே சங்கடம்.

அடுத்தமுறை சென்றபோது இதை அவரிடம் கூறினேன். அவருக்கு வருத்தந்தான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, தோட்டமே வேண்டாம். நந்தீஸ்வர பூஜைக்குப் பூவைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

இல்லறத்தார் பலர் எளிதில் சென்று சேரும் முடிவு இது. கடையில் வாங்கினால் நம் கை பறிக்கவில்லை. நம் கண்ணில் உயிர் படவில்லை. ஆனால் வணிகத்திற்காக மல்லிகை பயிரிடுவோர் மொட்டுப்புழுவுக்கு அஞ்சி மீண்டும் மீண்டும் பூச்சிமருந்து தெளிக்கவேண்டியிருக்கிறது. அந்த உழவரை நான் பழிக்கவில்லை. அவர் வயிற்றுப்பாடு அது. நாம் வாங்கும் முழத்தின் பின்னால் புழுவும் எறும்பும் தேனீயும் எத்தனை மடிந்தன என்பதை நாம் கணக்கில் கொள்வதில்லை. இவை ஓரறிவுயிர்கள் அல்ல. இல்லறத்தாரும் அறிந்து கொல்லலாகாத இயங்குயிர்கள். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினை மூன்று வழியிலும் வந்து ஒட்டும் என்று கற்ற நாம், விலை கொடுத்து வாங்குவதை இவற்றுள் எதில் சேர்ப்பது? பகலில் நம் கண்முன்னே, சிற்றுயிர் இருக்கிறதா என்று பார்த்து, மெல்ல உதறி, வேண்டிய அளவே பறிக்கும் கொல்லைப்பூ அந்த முழத்தைவிடக் கறை குறைந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மருந்தடிக்காத தோட்டம் பள்ளிக்கூடமும் ஆகும். ஈரறிவு மண்புழு, மூவறிவு எறும்பு, நாலறிவு வண்டு என்று பாடமாக ஒப்பித்ததை அங்கே ஒரு முழ நிலத்தில் காணலாம். செவ்வரளி இலையைப் புழுக்கள் மொட்டையடித்துவிடும். சில நாள் கழித்து இலையடியில் வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் மின்னும் கூடுகள் தொங்கும். அதிலிருந்து வெளிப்படும் கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சியை முதன்முதல் கண்ட அன்று என் பேரன் அன்றைய கிரிக்கெட்டை மறந்துவிட்டான். எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் உண்ணும் பச்சைப்புழுக்களுக்கும் இதே கதைதான். சமையலுக்குக் கறிவேப்பிலை இல்லையே என்று அன்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

மீதமிருந்தது நீர் ஊற்றுவதை நிறுத்தும் பேச்சு. அகிம்சை அணுவிரதத்தைக் கறைப்படுத்தும் குற்றங்கள் ஐந்து: உறுப்பை அறுத்தல், கட்டிவைத்தல், துன்புறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். இவை நாம் வளர்க்கும் விலங்குகளைக் கருதியே கூறப்பட்டவை. ஆனால் தொட்டிச்செடியை எண்ணிப் பாருங்கள். காட்டுச்செடி தன் வேரால் நீரைத் தேடிச் செல்லும். தொட்டியில் நட்ட செடியை நாம் கட்டிவைத்துவிட்டோம். ஒரு சாண் மண்ணுக்கு மேல் அதற்கு உலகமில்லை. குண்டுமல்லியோ விதை வழியே பெருகுவது அரிது. பதியமிட்டும் போத்து நட்டும் மனிதன்தான் அதைத் தலைமுறை தலைமுறையாய்க் கொண்டுவருகிறான். முதுவேனிலின் நடுவில், பற்று நீங்க வேண்டும் என்று கருதி நீரை நிறுத்தினால், நம் துறவுக்கு வேறோர் உயிர் விலை கொடுக்கிறது. அதை ஐந்தாம் குற்றத்தில் சேர்ப்பதே முறை என்பது என் துணிபு. நூல் இவ்வாறு நேராகக் கூறவில்லை. நான் நீட்டிப் பொருள் கொள்கிறேன். பெரியோர் மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

அதே வேளையில் நீரும் உயிரே. முன்பு கேணி நீரை இரட்டைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய உயிர்களை அந்தக் கேணியிலேயே விடுவார்கள். ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபின் அது இயலாமற் போயிற்று. கிணறுகள் ஆனியில் வற்றும் ஊரில், குழாயைத் திறந்துவிட்டுப் பூச்செடிக்குப் பாய்ச்சுவது பயனில் வினையின் எல்லைக்குள் வந்துவிடும். எனவே தோட்டத்தை அழிப்பதிலும் தோட்டத்தை விரிப்பதிலும் ஒருங்கே குற்றம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எஞ்சுவது எண்ணிக்கை. பரிமாணம் என்னும் சொல்லுக்கே அளவு என்றுதானே பொருள்!

தமக்கையார் நெடுநேரம் வாதாடினார். பறிக்கும் பூவின் அளவுக்கு ஒப்புக்கொண்டவர், புதிய செடி வாங்கலாகாது என்றபோது மட்டும் முகம் வாடினார். மனோரஞ்சிதம் ஒன்று வைக்கவேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தாராம். கடைசியில் ஒரு முடிவு செய்தார். இருக்கும் செடிகளை அவற்றின் ஆயுள் வரை காப்பது, புதிதாக எதையும் தொட்டியில் கட்டுவதில்லை, அரிசி களைந்த நீரும் குளியல் நீரும் மட்டுமே பாய்ச்சுவது, கதிரவன் எழுந்த பின்னரே பறிப்பது, வழிபாட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்பது பூ, தலையில் சூடுவதில்லை. ஒன்பது ஏன் என்று கேட்டேன். "நவபதத்துக்கு" என்றார். நான் மேலே கேட்கவில்லை.

எஞ்சிய பூவெல்லாம் செடியிலேயே நின்றன. மல்லிகையை மொட்டாகவே கிள்ளித் தொடுத்துப் பழகிய வீட்டில், அது முழுதாய் மலர்ந்து வெளுத்து, மறுநாள் செந்நிறம் பாய்ந்து வாடுவதை அந்த ஆனியில்தான் முதன்முதலாகக் கண்டதாகத் தமக்கையார் கூறினார். ஆறு பேர் நாவல் மரத்தைக் கண்ட கதையில், மரத்தை வேரோடு வெட்ட எண்ணியவன் கருநிற லேசியை உடையவன். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கினால் போதும் என்றவன் வெண்ணிற லேசியை உடையவன். எங்கள் கொல்லையில் உதிரும் மகிழம்பூவை அவ்வாறே பொறுக்கலாம். நமிநாதருக்கு உரிய மரமாயினும், தரையில் வீழ்ந்ததைப் பெருமானுக்கு இடலாகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் அவற்றைக் கிண்ணத்தில் இட்டுத் திண்ணையில் வைத்துவிடுவார். காய்ந்த பின்னும் மணம் போகாத பூ அது.

கதவின் பின்னே நிற்பதை மட்டும் அவரால் உடனே விட முடியவில்லை. அது விரதப் பட்டியலில் இல்லை என்று என்னிடமே கூறினார். ஆடி நந்தீஸ்வர நாள்களில் ஒருநாள் விடிவதற்குச் சற்று முன் நான் அங்கே தங்கியிருந்தேன். வேலிப்பக்கம் கிளை முறியும் ஓசை கேட்டது. தமக்கையார் எழுந்து சென்றார். சண்டை வரும் என்று நானும் பின்தொடர்ந்தேன். "கிளையை வளைக்காதீர்கள், அது காய்ந்துவிடும். வெளிச்சம் வந்தபின் உள்ளே வாருங்கள், நானே தருகிறேன்" என்று அவர் கூறுவது கேட்டது. குரலில் கடுப்பு இருந்தது, கொஞ்சந்தான். வந்தவர் பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் ஏழு மணிக்கு வாசல் வழியே வந்தார்.

இந்த ஆண்டு செவ்வரளியில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. கூடுகள் மட்டும் வரிசையாய்த் தொங்குகின்றன. அரிசி களைந்த நீரை அதன் அடியில்தான் முதலில் ஊற்றுகிறார்.